பனியில் முளைத்த மூங்கில் குருத்து: ஒரு ஜப்பானிய அச்சுப்படம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் பழைய மரக்கட்டை அச்சுப்படங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. எங்கும் பனி. பாரம் தாங்காமல் மூங்கில்கள் வளைந்து நிற்கின்றன. நடுவே ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார், பக்கத்தில் மூங்கில் குருத்து தலைகாட்டுகிறது. ஹருனோபு, குனியோஷி என்று பெரிய கலைஞர்கள் பலர் இதை வரைந்திருக்கிறார்கள். கதை தெரியாமல் பார்த்தாலும் அழகுதான். தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தில் இன்னும் நிறைய இருக்கிறது.

இந்தப் படம் என்ன கதையைச் சொல்கிறது?

மெங் சோங் என்ற சீனரின் கதை. ஜப்பானியர்கள் அவரை மோசோ என்பார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர், தாய் ஒருத்திதான் துணை. வயதான அந்தத் தாய் நோயில் படுத்துவிட்டாள். மூங்கில் குருத்து போட்டு சூப் வைத்துக் கொடுத்தால் தேவலை என்கிறாள். காலமோ கடுங்குளிர். குருத்து வசந்தத்தில் வெளிவருவது, அப்போது கடையிலும் கிடைக்காது, காட்டிலும் கிடைக்காது. தாயிடம் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூங்கில் தோப்புக்குப் போய் ஒரு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார். கொஞ்ச நேரத்தில் மண் வெடித்துக் குருத்துகள் வெளியே வருகின்றன. சூப் வைத்துக் கொடுக்கிறார், தாய் பிழைத்து எழுகிறாள்.

கதை இவ்வளவுதான். இதற்கு நாலு வரிச் சீனப் பாட்டு ஒன்றும் உண்டு. கண்ணீர் சொட்டுகிறது, வாடைக்காற்று குளிர்கிறது, சலசலக்கும் மூங்கில் சில, சற்று நேரத்தில் குருத்து வந்தது, நலம் உண்டாகட்டும் என்பது வானத்தின் சித்தம் என்று அதன் பொருள் போகும்.

மெங் சோங் நிஜமாகவே வாழ்ந்தவரா?

ஆமாம். மூன்று ராஜ்ஜியங்கள் காலத்தில் வூ நாட்டு அதிகாரியாக இருந்தவர். உயர்ந்த அமைச்சர் பதவி வரை போய் 271-இல் இறந்தார். அவரைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் குருத்துக் கதையைவிட என்னை அதிகம் தொட்டவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இளம் வயதில் அவருக்கு மீன்வளத்தைக் கவனிக்கும் சின்ன வேலை கிடைத்தது. தன் கையாலேயே மீன் பிடித்து, உப்பிட்டுப் பக்குவம் செய்து தாய்க்கு அனுப்பினார். அவள் அதைத் தொடவில்லை, அப்படியே திருப்பி அனுப்பினாள். மீன் துறையில் இருந்துகொண்டு எனக்கு மீன் அனுப்பினால் ஊர் சந்தேகப்படாதா என்று கேட்டாள். பிள்ளையின் அன்பில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, அவன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் கவலை.

அந்தத் தாய் இறந்தபோது அவர் ஒரு வட்டாரத்தின் நிர்வாகி. பெற்றோர் இறந்தாலும் மாற்று ஆள் வராமல் பொறுப்பை விட்டுப் போகக் கூடாது என்று அப்போது கடுமையான சட்டம் இருந்தது. மீறினால் மரண தண்டனை. சட்டம் தெரிந்தேதான் கிளம்பினார். தாய்க்குச் செய்ய வேண்டிய கடனைச் செய்து முடித்துவிட்டு, தானே அதிகாரிகளிடம் போய்த் தண்டனையை ஏற்க நின்றார். தளபதி ஒருவர் அவருக்காக மன்னன் சுன் சுவானிடம் மன்றாட, உயிர் தப்பியது.

குருத்து முளைத்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இப்படிப்பட்ட மனிதரைச் சுற்றி அப்படி ஒரு கதை ஏன் வளர்ந்தது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பனிக்காலத்தில் மூங்கில் குருத்து கிடைக்கவே கிடைக்காதா?

மண்ணுக்கு மேலே கிடைக்காது, அடியில் கிடைக்கும். பெரிய மூங்கில் வகைகளின் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் படர்ந்து ஓடும். வசந்தத்தில் வெளிவரப்போகிற மொட்டு குளிர்காலத்திலேயே அதில் சின்னதாகத் திரண்டிருக்கும். சீனாவில் இதைத் தோண்டியெடுத்துச் சமைப்பார்கள். வசந்தக் குருத்தைவிட இது இளசு, விலையும் கூடுதல். அனுபவசாலிகள் மண்ணில் லேசான வெடிப்பைப் பார்த்தே எங்கே தோண்டலாம் என்று கண்டுகொள்வார்கள். கதையில் மண் வெடித்தது என்று வருவதற்கு அடியில் இப்படி ஏதோ ஒரு விவசாய அறிவு இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்தப் பெரிய மூங்கிலுக்கே ஜப்பானில் மோசோ மூங்கில் என்றுதான் பெயர். அது அந்த நாட்டுப் பூர்வீகத் தாவரம் இல்லை. 1736-இல் ரியூக்யூ தீவுகள் வழியாக சாட்சுமாவுக்கு, அதாவது இன்றைய ககோஷிமாவுக்கு வந்ததாகச் சொல்வார்கள். அங்குள்ள செங்கான்-என் தோட்டத்தில் அதன் தோப்பு இன்றும் இருக்கிறது.

சீனக் கதை ஜப்பானிய அச்சுப்படத்துக்கு எப்படி வந்தது?

யுவான் ஆட்சிக் காலத்தில் (1271–1368) குவோ ஜுஜிங் என்பவர், பெற்றோரைப் பேணிய 24 பேரின் கதைகளைத் தொகுத்தார். மெங் சோங் அதில் ஒருவர். தொகுப்பு ஜப்பானுக்குப் போய் ‘நிஜூஷிகோ’ ஆனது, ‘24 பெற்றோர் பக்தி’ என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அது பெரிய இடத்து விஷயம். கானோ மரபு ஓவியர்கள் கியோட்டோவின் நான்சென்ஜி போன்ற கோயில்களில் தள்ளுகதவுகள் முழுக்க இந்தக் கதைகளைத் தீட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஒசாகா பதிப்பாளர் ஒருவர் 23 பழங்கதைகளைச் சித்திரங்களோடு தொகுத்து வெளியிட்டபோது இதையும் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளில் இது குழந்தைகள் வாசிப்பாகிவிட்டது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவில் போகிற யாரிடம் கேட்டாலும் பனியில் குருத்து தோண்டினவர் யார் என்று சொல்லியிருப்பார்கள். அச்சுப்படக் கலைஞருக்கு அது பெரிய வசதி, கதையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாமே.

நான் பார்த்த படத்தில் இருப்பது ஓர் இளம்பெண். அப்படியானால் அது வேறு கதையா?

அதே கதைதான். சுஸுகி ஹருனோபு 1765-ஐ ஒட்டிச் செய்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பழங்கதையின் நாயகரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமகால எடோ பெண் ஒருத்தியை நிறுத்துவது அப்போது ரசிகர்கள் மிகவும் விரும்பிய உத்தி. பனி, மூங்கில், மண்வெட்டி, குருத்து ஆகிய துப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறியிருப்பார். அடையாளம் கண்டுகொள்வதில்தான் பார்ப்பவருக்குச் சந்தோஷம்.

இதைக் கேலி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஹருனோபுவின் பெண்கள் மெலிந்தவர்கள், சின்னக் கைகள், சின்னப் பாதங்கள். அப்படி ஒருத்தியை உறைபனியில் மண்வெட்டியோடு நிறுத்தும்போது அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது கண்ணுக்கு உறைக்கிறது. சீனப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தால் கதை எப்போதோ எங்கேயோ நடந்ததாக இருக்கும். இவள் நின்றால் அடுத்த தெருவில் நடப்பது போல இருக்கிறது.

இன்னொன்று. பல வண்ணங்களைத் தனித்தனிக் கட்டைகளில் செதுக்கி அச்சடிக்கும் முறை எடோவில் முழுமையாக மலர்ந்ததே 1765-இல்தான். வசதியான ரசிகர்கள் புத்தாண்டுக்குப் பரிமாறிக்கொண்ட நாட்காட்டிப் படங்களில் அது தொடங்கியது, அதில் முன்னின்றவர் ஹருனோபு. 1770-இல் அவர் இறந்துவிட்டார். ஆக, வண்ணம் புதுசாக இருந்த அந்தச் சில ஆண்டுகளிலேயே, பாதிப் படத்தை வெள்ளையாக விட வேண்டிய ஒரு பனிக்காட்சியை அவர் எடுத்திருக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெள்ளைப் பனியை எப்படி அச்சடித்தார்கள்?

பெரும்பாலும் அச்சடிக்கவில்லை, விட்டுவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் பனி அந்தக் காகிதத்தின் சொந்த வெள்ளை.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைவார். அதை மலைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் மேடாக விட்டு மற்றதைச் செதுக்குபவர் வெட்டியெடுப்பார். மூல ஓவியம் அதோடு போய்விடும். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை. பலகையின் மூலையிலும் ஓரத்திலும் சின்ன வெட்டுக்குறி இருக்கும், தாளை அதில் பொருத்தி வைத்தால் எத்தனை வண்ணம் ஏற்றினாலும் இடம் பிசகாது. அச்சு இயந்திரம் கிடையாது. கட்டையில் நிறம் தடவி, ஈரமாக்கிய தாளை வைத்து, மூங்கில் பாளை சுற்றிய தட்டையான வட்டப் பட்டையால் அச்சடிப்பவர் கையாலேயே தேய்ப்பார். மூங்கில் படத்தைத் தாளில் ஏற்றியதும் மூங்கில்தான்.

பனிக்குத் திரும்புவோம். தரமான பிரதிகளில் நிறமே தடவாத கட்டை ஒன்றை வைத்து அழுத்துவார்கள். காகிதம் புடைத்துக்கொண்டு நிற்கும், நிறம் இருக்காது. குவிந்த பனிக்கும் துணியின் நெசவுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அந்த மேடு பள்ளம் எழுந்து நிற்கும். காகிதம் காகித முசுக்கட்டைப் பட்டையின் நீண்ட நாரில் செய்தது. அதனால்தான் இத்தனை அழுத்தத்தையும் ஈரத்தையும் தாங்கியது.

குனியோஷியின் படம் எப்படி வேறுபடுகிறது?

உதகவா குனியோஷி (1798–1861) போர்வீரர் படங்களுக்குப் பேர்போனவர். இந்த 24 கதைகளையும் அவர் ஒரு தடவையோடு விடவில்லை. 1840-ஐ ஒட்டிக் குழந்தைகளுக்கான கண்ணாடி என்ற தலைப்பில் ஒரு தொடர், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சின்ன அளவில் இன்னொரு தொடர் என்று திரும்ப வந்தார். அவர் படங்களில் கதை மறுபடி சீனாவுக்கே போய்விடுகிறது, ஆனால் ஐரோப்பா வழியாக. உடையின் மடிப்பில் நிழல், மேகத்துக்குத் திரட்சி, தூரம் போகப் போகச் சிறுக்கும் நிலம். ஜப்பானிய அச்சில் அன்று இதெல்லாம் விசித்திரம்.

காரணம், அவர் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த செப்புத்தகட்டு அச்சுகளை ஆசையாகச் சேர்த்தவர். பழிவாங்கிய 47 சாமுராய்களின் இரவுத் தாக்குதலைக் காட்டும் அவருடைய படம் ஒன்றில், பின்னணிக் கட்டடங்கள் யோஹான் நியூஹோஃப் எழுதிய 1682-ஆம் வருடத்து டச்சுப் பயண நூலின் படேவியா (இன்றைய ஜகார்த்தா) நகரச் சித்திரத்திலிருந்து வந்தவை. கீழைநாடுகளில் டச்சுக் கம்பெனி வேலை பார்த்த அந்த நியூஹோஃப் நம் தூத்துக்குடியைப் பற்றியும் பரதவர்களைப் பற்றியும் எழுதியவர். ஒரே பயணியின் கண் தூத்துக்குடியையும் பார்த்து எடோ ஓவியர் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருப்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

மூலக்கதையில் அவர் அழத்தானே செய்தார்? மண்வெட்டி எங்கிருந்து வந்தது?

நல்ல கவனிப்பு. சீனப் பாடத்தில் மண்வெட்டி இல்லை. ஜப்பானியப் படங்களில் அது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கிறது. கியோட்டோவில் ஜூலை 17 அன்று கியோன் திருவிழாவில் ஊர்வலம் வரும் சப்பரங்களில் மோசோவுக்கென்றே ஒன்று உண்டு. அதிலுள்ள சிலையும் அப்படித்தான்: தலையில் தொப்பி, மேலே வைக்கோல் அங்கி, தோளில் மண்வெட்டி, கையில் பனி படிந்த குருத்து. அதாவது அழுகை முடிந்துவிட்டது, குருத்து கிடைத்தாயிற்று, வீட்டுக்குக் கிளம்புகிறார்.

கலைஞர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அடையாளம் காட்டுவது ஒரு காரணம். மண்வெட்டி இருந்தால் ஆள் யாரென்று உடனே தெரியும். ஆனால் கதையே இதனால் லேசாகத் திசை மாறுகிறது. சீனக் கதையில் வானம் இரங்கித் தருகிறது. இங்கே அந்த மனிதர் தோண்டவும் தயாராக வந்திருக்கிறார். மோசோ படம் எதைப் பார்த்தாலும் முதலில் இதைக் கவனியுங்கள்: குருத்து வருவதற்கு முந்தைய நொடியா, வரும் நொடியா, பிந்தைய நொடியா? எந்த நொடியை எடுத்தார் என்பதில்தான் அந்தக் கலைஞரின் மனசு தெரியும்.

தொடரின் மற்ற கதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

யானைகள் வயலை உழுது பறவைகள் களை பறித்தால் அது ஷுன், பின்னாளில் பேரரசர் ஆனவர். உறைந்த ஆற்றில் படுத்துக் கெண்டைமீன் தேடுபவர் வாங் சியாங். தகப்பனைக் காக்கப் புலியோடு மோதும் சிறுவன் யாங் சியாங். 70 வயதிலும் பொம்மையோடு விளையாடிப் பெற்றோரைச் சிரிக்க வைக்கும் கிழவர் லாவ் லாய்சி. மான் தோலைப் போர்த்தியிருந்தால் தான்சி, பெற்றோரின் கண்நோய்க்கு மான்பால் தேடிப்போனவர். கொசு தன்னையே கடிக்கட்டும், அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று வெற்றுடம்போடு படுத்திருக்கும் பையன் வூ மெங். கணவனும் மனைவியும் குழந்தையோடு நிற்க, தோண்டிய குழியில் பொன் மின்னினால் அது குவோ ஜு.

அந்தக் குவோ ஜு கதை கொடூரமாக இருக்கிறதே, யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், எதிர்க்கத்தான் வேண்டும். வறுமையில் வாடும் குவோ ஜு, தாய்க்குக் கிடைக்கும் சோற்றைப் பேரக்குழந்தை பங்கு போடுகிறது என்று தன் குழந்தையையே புதைக்கக் குழி தோண்டுகிறார். பொற்பானை கிடைத்ததால் குழந்தை பிழைக்கிறது. எந்தச் சமாதானம் சொன்னாலும் எனக்கு இது ஒப்பவில்லை.

ஃபுக்குசாவா யுக்கிச்சி என்ற ஜப்பானியச் சிந்தனையாளர், பின்னாளில் 10,000 யென் நோட்டில் முகம் வந்தவர், 1870-களில் இந்தக் கதைகளைக் கடுமையாகச் சாடினார். கொசுவைத் தன் பக்கம் இழுக்க உடம்பில் சாராயம் ஊற்றிக்கொண்டதாக வரும் கதைக்கு அவர் சொன்ன பதில், அந்தச் சாராயக் காசில் ஒரு கொசுவலை வாங்கியிருக்கலாமே என்பது. சீன எழுத்தாளர் லூ ஷுன், குவோ ஜு கதையைப் படித்தபின் சிறுவனாகத் தான் பயந்துபோனதை எழுதியிருக்கிறார். மெங் சோங் பற்றி அவருக்கு அவ்வளவு கோபமில்லை. அழுதும் குருத்து வராவிட்டால் மானம்தான் போகும், பனிக்கட்டியில் படுத்தால் உயிரே போய்விடும் என்றார்.

என் மனதுக்கு நெருக்கமான பதில் ஜப்பானின் மேடைக் கதைசொல்லிகளிடமிருந்து வந்தது. ராகுகோ மரபில் இந்தத் தலைப்பிலேயே ஒரு கதை உண்டு. தாயை மதிக்காத முரட்டுப் பையனை வாடகை வீட்டின் சொந்தக்காரர் கூப்பிட்டு இந்த 24 பேரின் கதையைச் சொல்லித் திட்டுகிறார். மனசு மாறிய அவன், கொசுவைத் தன் பக்கம் இழுக்கச் சாராயம் வாங்கி வருகிறான். உடம்பில் ஊற்றாமல் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறான். காலையில் பார்த்தால் உடம்பில் ஒரு கடிகூட இல்லை. பார்த்தாயா, வானமே இரங்கிவிட்டது என்று குதிக்கிறான். தாய் சொல்கிறாள்: ராத்திரி முழுக்க நான்தானே விசிறிக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் சொல்லித்தான் இப்படிப்பட்ட படங்கள் வந்தனவா?

நேரடியாக அப்படி இல்லை. பதிப்பாளர்கள் காசு போட்டு விற்பனைக்குச் செய்தவை இவை, ஒரு படம் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்தது. ஆனால் 1841-இல் தொடங்கிய தென்போ சீர்திருத்தத்தில் ஆடம்பரத்தை ஒடுக்கினார்கள். 1842-இல் நடிகர்கள், கணிகையர் படங்களுக்குத் தடை வந்தது. விற்பனையில் பெரும்பகுதி அவைதான் என்கிற நிலையில், தணிக்கையில் சிக்காத நீதிக்கதைகளுக்கு எல்லோரும் ஓடினார்கள். பெற்றோர் பக்தியை எந்த அதிகாரி தடுப்பார்?

கையில் இருப்பது பழைய அச்சா, பின்னாளைய நகலா?

முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு, விஷயம் முடிந்தது. புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்புங்கள். கையால் தேய்த்து அடித்ததில் நிறம் பின்பக்கம் ஊறியிருக்கும், வட்டமாகத் தேய்த்த தடமும் தெரியலாம். ஆனாலும் அவசரப்படக் கூடாது. ஹருனோபு படங்களுக்குப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி, அதே முறையில் கையால் அடித்த நகல்கள் ஏராளம். அளவு, காகிதம், கோட்டின் கூர்மை எல்லாவற்றையும் அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிட்டால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். குனியோஷி என்றால் ‘இச்சியூசாய் குனியோஷி’ என்ற கையொப்பமும் தணிக்கை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால் ஆண்டைக் கணிக்க அது பெரிய உதவி.

வீட்டில் மாட்டலாமா?

நகல் என்றால் தாராளமாக. பழையது என்றால் வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம். குசும்பப்பூச் சிவப்பும் பூவிலிருந்து எடுத்த நீலமும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், அமிலமற்ற அட்டையில் வையுங்கள், ஈரம் அண்டாமல் பாருங்கள்.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், சிகாகோ கலை நிறுவனம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மூன்றின் இணையதளங்களிலும் ஹருனோபு, குனியோஷி என்று தேடினால் பெரிய அளவில் இலவசமாகவே பார்க்கலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குனியோஷி தொகுப்பு மிகப் பெரியது. உங்களிடம் படம் மட்டும் இருந்து பெயர் தெரியவில்லை என்றால், உகியோ-எ டாட் ஆர்க் என்ற தளத்தில் அதைப் புகைப்படமெடுத்து ஏற்றுங்கள். அதே படத்தின் வேறு பிரதிகள் எந்தெந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று அது தேடித் தரும். ஒரே படத்தின் இரண்டு மூன்று பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானத்தின் நிறம் ஒன்றில் ஆழமாகவும் இன்னொன்றில் வெளிறியும் இருக்கும், கட்டை தேய்ந்த பிரதியில் மூங்கில் இலையின் நுனிகள் மழுங்கியிருக்கும்.

கியோட்டோவுக்கே போகிறவர்கள் ஜூலை 17-க்கு முந்தைய மாலைகளில் மோசோ சப்பரம் நிற்கும் தெருவுக்குப் போங்கள். அதன் பின்புறத் திரையில் தக்கேவுச்சி செய்ஹோ வெள்ளைத் துணியில் வெறும் மையால் தீட்டிய மூங்கில் தோப்பு இருக்கும். வண்ணம் கொட்டும் மற்றச் சப்பரங்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது சுலபம். குவோ ஜுவின் சப்பரமும் அதே ஊர்வலத்தில்தான் வருகிறது.